முட்டை எங்கே போயிற்று?

புறக்கடையில் நாலு கோழி வளர்க்கும் ஏழைக் குடும்பங்கள் நம் கிராமங்களில் ஏராளம். முட்டை விற்று வருகிற சில்லறைதான் அநேக வீடுகளில் பெண்பிள்ளையின் கையில் தாராளமாகப் புழங்குகிற காசு என்பதும், அதற்கு மாத்திரம் புருஷன் கணக்குக் கேட்பதில்லை என்பதும் யாவரும் அறிந்த விஷயமேயாகும். ஆகவே, முட்டை காணாமற்போவதென்பது அவளுக்குச் சிறிய நஷ்டமல்ல.

கோழி கொக்கரிக்கிறது, கூட்டில் முட்டையில்லை. உடனே நடப்பதென்ன? அடுத்த வீட்டுக்காரி எடுத்துவிட்டாளென்று வேலியோரத்தில் சண்டை. அல்லது எவளோ கண்வைத்துவிட்டாளென்று மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது. அல்லது இது வீட்டுக்கு ஆகாத கோழியென்று சந்தையில் பாதி விலைக்குத் தள்ளுவது. இவ்வளவும் ஆனபின், பத்துப் பதினைந்து நாள் கழித்து வைக்கோற்போரின் பின்புறத்தில், கீரிக்கும் பாம்புக்கும் போனது போக, மீதி கூமுட்டையாகக் கிடக்கும். அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரியிடம் போய், "அம்மா, தெரியாமல் பேசிவிட்டேன்" என்று சொன்னவர் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

கோழி புதரைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. அதன் முன்னோர் காட்டுக்கோழிகள். அவை புதரடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தரையைக் குழித்து முட்டையிட்டவை. மனிதனிடம் வந்து சேர்ந்து மூவாயிரம் வருஷத்திற்கு மேலாகியும் அந்தச் சுபாவம் போகவில்லை. இதை வெறும் ஊகமாகவும் விட்டுவிடவில்லை. உட்-கஷ், கில்பர்ட் என்ற இருவர் எடின்பரோ நகரில் ஆராய்ந்து 1964-ல் வெளியிட்டார்கள். மஞ்சட்கரு பிரிந்துபோனபின் சினைப்பையில் எஞ்சி நிற்கும் வெறும் தோலை அவர்கள் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். முட்டை வந்தது, கூடு தேடும் பரபரப்பு மாத்திரம் வரவில்லை. ஆகவே கோழி அங்குமிங்கும் அலைவது திமிருமல்ல, தோஷமுமல்ல. முந்தின நாளே அதன் உடம்புக்குள் எழுந்துவிட்ட தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தார் இதைச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டு, கூடு வைக்காத வெறுங்கம்பிக் கூண்டில் முட்டைக்கோழியை அடைப்பதை 2012 முதல் தடுத்துவிட்டார்கள்.

நிற்க. நாம் கோழிக்குக் கொடுத்திருக்கும் இடம் எப்படிப்பட்டது? குனிந்து பார்த்தால் மூக்கைப் பொத்த வேண்டிய ஒரு மண்பொந்து. இரவெல்லாம் கழித்த எச்சம், ஈரம், பேன். அதற்குள் போய் முட்டையிடவில்லையென்று கோழியைக் கோபிப்பது என்ன நியாயம்? அது கேட்பது இருட்டு, அமைதி, உலர்ந்த மெத்தை, முதுகுக்குப் பின்னே ஒரு மறைப்பு. ஒரு கள்ளிப்பெட்டி போதும். பழைய கூடையும் ஆகும். அடிக்கு அடி இடம், வைக்கோல் சரியாமல் முன்னால் நாலு அங்குலத் தடுப்பு, நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி. தூங்கும் கழி பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி உயர்ந்த இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரமாயிருந்தால் அதிலேயே படுத்து அசுத்தப்படுத்திவிடும்.

அன்றியும், பெட்டிக்குள் முட்டை வடிவான ஒரு வெள்ளைக் கல்லை வைக்கவும். கல்லை வைத்தால் முட்டை வருமென்று நாம் எழுதியதைக் கண்டு யாராவது அந்தக் கல்லுக்கே மஞ்சள் பூசிவிடப் போகிறார்களோ என்றுதான் பயமாயிருக்கிறது! கல்லில் ஒன்றுமில்லை. முட்டை கிடக்கும் இடம் பத்திரமான இடமென்று கோழி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலும் முட்டை காலையில் வருகிறபடியால், ஒரு வாரத்திற்குத் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்து, பத்து மணிக்குமேல் திறந்துவிட்டால் பழகிவிடும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. ஆகையால் நேற்று எட்டு மணிக்கு இட்டது இன்று ஒன்பதுக்கு இடும். தள்ளித் தள்ளிப்போய் ஒரு நாள் இடாமலே விட்டுப்போகும். இதற்குத் தாயத்து வேண்டியதில்லை. புதிதாக முட்டைக்கு வரும் விடைக்கோழிக்குக் கொண்டை சிவக்கும்போதே பெட்டியைக் காட்டிவிட வேண்டும். ஒரு தடவை புதரில் பழகியதைத் திருப்புவது கஷ்டம். வைக்கோலை அடிக்கடி மாற்றிப் பெட்டியை வெயிலில் காயவைப்பது அவசியம். பேன் பிடித்த பெட்டியில் கோழி உட்காராது.

இதெல்லாம் பெண்டுகள் பாடு என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை தவறினால், "கோழியைப் பார்க்கக்கூடத் துப்பில்லை" என்று அவளை வைவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்கு நாலு ஆணி அடிக்க நேரமில்லை. வீட்டுக்கு ஆகாதது கோழியா, நீங்களா என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

புதரில் கண்டெடுத்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். படுத்துக் கிடந்தால் புதியது. நிமிர்ந்து நின்றால் நாள்பட்டது. ஓட்டின் துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்று சேர்வதே காரணம். மிதந்தால் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிடவும். உடைத்துப் பார்க்க வேண்டாம்.