இரண்டாம் நாள் மாலை

சுந்தரபாண்டியத்தில் நமக்கு நெடுநாள் அறிமுகமான நெசவாளர் குடும்பம் ஒன்றைக் காண அண்மையில் சென்றிருந்தோம். தறிச் சத்தம் ஓய்ந்த மாலை நேரம். திண்ணையில் நாம் அமர்ந்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்பே வீட்டுப் பெரியவர் தம் வழக்கை எடுத்து வைத்தார்.

அவருடைய இளைய மகன் சென்னையில் ஒரு கோல்ஃப் திடலில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். ஆட வருகின்றவர்களின் பையைச் சுமந்துகொண்டு உடன் நடப்பதும், பந்து விழுந்த இடத்தைக் கண்டு சொல்வதும் அவன் பணி. அப்பணிக்கு அங்கே 'கேடி' என்று பெயர். "என் மகனைக் கேடிங்கிறாங்க ஐயா" என்று முன்பொருமுறை அவர் சொன்னபோது நாமே சற்றுத் திடுக்கிட்டோம். அது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வேறொரு சொல் என்று விளக்கி அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

இம்முறை வந்த வழக்கு அதனினும் பெரிது. இனிப் பை சுமக்கப் போவதில்லை, தானே தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகிறேன் என்கிறானாம் மகன். ஓராண்டுக் காலம் நாடெங்கும் நடக்கும் போட்டிகளுக்குச் சென்றுவரப் பணம் வேண்டுமாம். தாய் தம் நகையை அடகு வைக்க ஆயத்தமாகிவிட்டார். தந்தைக்கோ கோபம். "பந்தைக் குழியில தள்ளுறது ஒரு பிழைப்பா ஐயா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

உடனே விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. விசாரித்துச் சொல்வதாகக் கூறி வந்தோம். பிள்ளை புதியதொரு வழியில் காலெடுத்து வைக்கும்போது கலங்கும் பெற்றோர் பலர் உண்டு. ஆதலால் நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

கோல்ஃப் ஆட்டத்தை நம்மூர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது கடினமன்று. குழியில் கோலிக்குண்டைச் சேர்க்கும் ஆட்டத்தை அறியாத சிறுவன் யார்? இங்கே குழி ஒரு முழத் தொலைவில். அங்கே நூற்றுக்கணக்கான கெஜங்களுக்கு அப்பால். இடையில் மரங்களும் மணற்பள்ளங்களும் நீர்நிலைகளும் இருக்கும். இத்தகைய 18 குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுவார். ஒருமுறை சுற்றி வர நான்கு ஐந்து மணி நேரம் நடக்க வேண்டும்.

இது செல்வர் ஆட்டம் என்னும் பெயர் பொய்யன்று. 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் நிறுவிய மன்றம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்த மிகப் பழைய கோல்ஃப் மன்றமாகக் கருதப்படுகிறது. நமக்கு வடக்கே கொடைக்கானல் மலையில் 1895ஆம் ஆண்டில் ஒரு மன்றம் தோன்றியது. ஆடியவர் துரைமார், புல் வெட்டியவரும் பை சுமந்தவரும் நம்மவர். ஆயினும் பை சுமந்தவன் கண்களை மூடிக்கொண்டு நடப்பதில்லை அல்லவா? எந்தத் தரையில் பந்து எப்படி உருளும் என்பதை முதலாளியைவிட அவனே நன்கறிவான். இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரருள் பலர் இவ்வாறு வந்தவர்களே. அலி ஷேர் என்னும் முன்னாள் கேடி 1991ஆம் ஆண்டில் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை அடைந்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே.

இனிப் பிழைப்புக்கு வருவோம். நம் நாட்டில் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.டி.ஐ. என்னும் அமைப்பு 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தகுதிப் போட்டியில் தேறியவர்கள் அதன் ஆட்டக்காரர் ஆகிறார்கள். தில்லி, சண்டிகர், அகமதாபாத், கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர், அசாமின் திக்பாய், ஐதராபாத், பெங்களூரு, சென்னை என்று ஊர் ஊராகப் போட்டிகள் நடைபெறும். இலங்கையிலிருந்து என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற தமிழ்ப் பெயர் தாங்கியவர்களும் வந்து இச்சுற்றில் ஆடியுள்ளனர்.

ஒரு போட்டி வழக்கமாக நான்கு நாட்கள். ஏறத்தாழ 120 பேர் களமிறங்குவார்கள். இரண்டாம் நாள் மாலையில் கணக்குப் பார்ப்பார்கள். முதல் 50 இடத்தினரும் அவர்களோடு சமநிலையில் நிற்பவர்களும் மட்டுமே மீதி இரண்டு நாட்கள் ஆடலாம். ஏனையோர் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு காசும் கிடையாது. கூலி இல்லை, படி இல்லை. ரயில் கட்டணம், விடுதி வாடகை, உணவு, நுழைவுக் கட்டணம், பை சுமந்தவனின் ஊதியம் எல்லாம் கைப்பொறுப்பு. ஓர் அடி அதிகமானதால் வெளியேறியவனுக்கும், பத்து அடி அதிகமானதால் வெளியேறியவனுக்கும் வேறுபாடு இல்லை.

வென்றவருக்கோ மொத்தப் பரிசில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கிடைக்கும். ஒரு கோடி ரூபாய்ப் போட்டியில் அது 15 லட்சம். ஆனால் வெல்பவர் ஒருவரே. ஆண்டு முழுவதும் ஈட்டிய பணத்தைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். அவ்வரிசையில் கீழே போனவர் மீண்டும் தகுதிப் போட்டி வாயிலில் நிற்க வேண்டும். மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்காரனின் நிலைதான் இது.

இவற்றையெல்லாம் மறுமுறை சென்றபோது பெரியவரிடம் சொன்னோம். "அப்போ இது சூதாட்டந்தானே?" என்றார்.

அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். இவ்வாட்டத்தில் ஆட்டக்காரனோடு எப்போதும் நடுவர் நடப்பதில்லை. உடன் ஆடுபவர் ஒருவருக்கொருவர் அடிக்கணக்கை எழுதுவர். ஆடியவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். ஒரு குழியில் ஆடியதைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையொப்பமிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் கூடிய கணக்கே நிலைக்கும். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில், அர்ஜென்டினா நாட்டவரான ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். விசென்சோ கவனியாமல் கையொப்பமிட்டார். அந்த ஓர் அடியால், சமநிலையில் நின்று மறுநாள் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பை இழந்தார். அவர் ஆடியதைத் திரளான மக்கள் நேரில் கண்டிருந்தும், எழுதிய கணக்கே செல்லுபடியாயிற்று. அவர் பிறர்மீது பழி சொல்லாமல், தம் கவனக்குறைவையே நொந்துகொண்டார். இப்படிப்பட்ட ஒழுங்கில் வளரும் பிள்ளை கெட்டுப் போவான் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை.

"இதுல முன்னுக்கு வந்தவன் உண்டா?" என்பது அவருடைய அடுத்த வினா.

உண்டு. எஸ்.எஸ்.பி. சௌராசியா என்பவர் 1978ஆம் ஆண்டில் பிறந்தவர். நாம் மேலே குறிப்பிட்ட அதே கல்கத்தா மன்றத்தில் அவருடைய தந்தை புல்தரை பேணும் பணியாளர். மகன் அத்திடலிலேயே பார்த்துப் பழகி, 1997ஆம் ஆண்டில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 2008ஆம் ஆண்டில் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டிக்கு ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் வந்திருந்தனர். அவர்களை வென்று, நான்கு லட்சம் டாலருக்கு மேற்பட்ட பரிசைப் புல்வெட்டியின் மகன் பெற்றார்.

ஆனால் இந்திய ஓபன் பட்டம் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1999ஆம் ஆண்டில் இரண்டாம் இடம். 2006இல் மீண்டும் இரண்டாம் இடம். 2013இல் மறுபடியும் இரண்டாம் இடம். 2015இல் சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டத்தில் தோற்று, நான்காம் முறையாக இரண்டாம் இடம். 2016இல்தான் வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். முதல் ஏமாற்றத்துக்கும் முதல் வெற்றிக்கும் இடையே 17 ஆண்டுகள்!

பெங்களூரின் முன்னாள் கேடி சி. முனியப்பா 2009ஆம் ஆண்டில் அதே பட்டத்தை வென்றார். டாக்கா நகரில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்த சித்திகுர் ரகுமான், 2010ஆம் ஆண்டில் புருணை ஓபன் போட்டியை வென்று, 2016ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வங்காளதேசத்தின் கொடியை ஏந்தி நடந்தார்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. ஆனால் அவரை அந்த மகிழ்ச்சியோடு விட்டுவிடுவது நேர்மையாகாது என்று நமக்குத் தோன்றியது. வென்றவர்களின் பெயர்களைச் சொல்லி ஒருவனை வழியனுப்புவது எளிது. இவர்களோடு பை சுமந்து, இவர்களைப் போலவே உழைத்து, இரண்டாம் நாள் மாலையில் திரும்பியவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அவர்களே பெரும்பாலோர். "உங்கள் மகன் அப்பெரும்பாலோருள் ஒருவனாகவும் ஆகலாம். அப்போது என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி" என்றோம்.

அவர் பேசவில்லை. நாம் மற்றொரு செய்தியைச் சொன்னோம். பெங்களூரின் அதிதி அசோக் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்குப் பை சுமந்தவர் தந்தை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோவில் சுமந்தவர் தாய். நான்கு நாட்களும் அந்த அம்மையார் மகளோடு நடந்தார். முடிவில் ஒரேயோர் அடி வேறுபாட்டில் வெண்கலப் பதக்கம் கைநழுவியது. நான்காம் இடத்துக்குப் பதக்கம் இல்லை. வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையின் அருகில் தாய் இருந்தார், அவ்வளவே. எல்லாப் பெற்றோரும் உடன் செல்ல இயலாது. நம்மவருக்குத் தறியை விட்டு அகல முடியாது. ஆயினும் தொலைபேசியில் கேட்கும் குரல் ஒன்று உண்டு அல்லவா?

அப்போதுதான், அதுவரை கதவோரம் நின்றிருந்த அந்த வீட்டு அம்மாள் பேசினார். "ஐயா, எங்களுக்குக் கல்யாணமான புதுசு. ஐப்பசி அடைமழையில தறிக்குழியில தண்ணி ஊறிப் போச்சு. நூலெல்லாம் ஈரம். மூணு வாரம் தறி ஓடல. இவுக வெறுங்கையோட வந்து இதே திண்ணையில உக்காந்தாக. மாமா ஒண்ணும் கேக்கல. 'சாப்பிட்டியாப்பா'ன்னு மட்டுந்தான் கேட்டாக" என்றார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பின்னர் மூவரும் கூடி ஆலோசித்து, நமக்குப் பட்டதைச் சொன்னோம். நகையை அடகு வைக்க வேண்டாம். கடனில் தொடங்கும் ஆட்டக்காரனுக்கு ஒவ்வோர் அடியிலும் வட்டி கண்முன் நிற்கும், கை நடுங்கும். முதலில் அவன் திடல் வேலையை விடாமலே தகுதிப் போட்டிக்கு முயலட்டும். தேறினால், அருகிலுள்ள ஊர்களின் போட்டிகளுக்கு மட்டும் தன் சேமிப்பில் சென்று வரட்டும். மூன்று ஆண்டுகள் என்று வரம்பு வைத்துக்கொள்ளட்டும். வரவு செலவை அட்டையில் எழுதுவதுபோல் ஒழுங்காக எழுதட்டும். அதற்குள் புல்தரை பேணும் தொழிலையோ, பிறருக்கு ஆட்டம் கற்பிக்கும் தகுதியையோ பெறட்டும். இவ்வாட்டத்தை ஒட்டி நேர்மையாகப் பிழைக்க அவையும் வழிகளே.

நாம் விடைபெறும் நேரத்தில் சென்னையிலிருந்து மகன் அழைத்தான். தந்தை தொலைபேசியை வாங்கினார். சம்மதம் சொல்வாரா, மறுப்பாரா என்று தாயின் கண்கள் அவர்மேலேயே இருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.