ஏடு காத்த வரையாடு



திருமண ஓலை வாசிக்குமுன் பங்குக் குருவானவர் கேட்பது ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலையே. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ மை தொட்டு எழுதிய ஒரு வரி, இன்று ஒருவருடைய பிறப்புக்கும் பெற்றோருக்கும் சாட்சியாக நிற்கிறது. மனிதருக்கு இருப்பது போல் மலைக்கும் காட்டுக்கும் பதிவேடு உண்டா? இம்மாதம் இதனைச் சற்றே சிந்திப்போம்.

நீலகிரியில் 1877ஆம் ஆண்டு, வேட்டையில் நாட்டமுள்ள ஆங்கிலேயர் சிலர் கூடி ஒரு சங்கம் கண்டனர். கட்டுப்பாடின்றிச் சுட்டதனால் விலங்குகள் அருகிவரக் கண்டு அஞ்சியதே அதற்குக் காரணம். விலங்கின்மீது இரக்கம் என்பதைவிட, நாளைய வேட்டைக்கு விலங்கு எஞ்ச வேண்டுமே என்ற கவலையே மேலோங்கியிருந்தது. 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. சுடலாகாத பருவம் குறிக்கப்பட்டது. துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் விதிகள் பிறந்தன.

விதி வந்தால் கணக்கும் வரத்தானே வேண்டும்? ஆண்டுதோறும் குறிப்புகள் சேர்ந்தன. 1939இல் கர்னல் பித்தியன் ஆடம்ஸ் என்பவர், சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட கணக்கு, பிற்காலத்தார்க்கு அரிய ஆவணமாயிற்று.

நாடு விடுதலை பெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வேட்டைச் சங்கமும் வனவிலங்குச் சங்கமாக மாறிற்று. அதன் பணியாளருள் ஒருவர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார். செங்குத்தான பாறைகளில் வாழும் வரையாட்டை அவர் 1963இல் நீலகிரியில் கணக்கெடுத்தார். 1975 முதல் 1978 வரை தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் மலைகளையும் ஆராய்ந்து, எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 2,200 என மதிப்பிட்டார்.

அந்த எண்ணின் அருமை இன்று விளங்குகிறது. 2022இல் தமிழக அரசு வரையாட்டுப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்து, டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாட்டு நாள் என வகுத்தது. தமிழகத்தில் மட்டும் 2024இல் 1,031 ஆடுகளும், 2025இல் 1,303 ஆடுகளும் கண்டறியப்பட்டன. முன்னவர் எழுதி வைக்காதிருந்தால், இவற்றை எதனோடு ஒப்பிடுவது? நோயாளியின் பழைய சீட்டு இல்லாத மருத்துவரின் நிலையல்லவா நம் நிலையும் ஆகியிருக்கும்!

ஆயினும் அப்பழைய ஏடுகளில் ஒரு பெருங்குறை உண்டு. அவை துப்பாக்கி ஏந்தியவர் எழுதியவை. தலைமுறை தலைமுறையாக அம்மலையில் வாழ்ந்த தோடரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் அறிந்திருந்தவை அவர்கள் கையால் எழுதப்படவில்லை. ஏட்டில் ஏறாத அறிவு, அதை உடையவரோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

இந்த ஆபத்து நமக்கு அண்மையிலும் இருக்கிறது. கொல்லிமலையின் மலையாளி மக்கள் தங்கள் நிலத்தை நாடு நாடாகப் பகுத்து வழங்குகிறார்கள். எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று. அம்மலைச் சாமையில் வெள்ளைப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை என எத்தனை வகைகள்! மரவள்ளி பரவப் பரவ அவ்விதைகள் வயல்களைவிட்டு விலகின. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அம்மக்களோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைத்து, விதையையும் பெயரையும் காக்க முயன்றனர். ஆனால் எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தத் தடத்தில் எந்த விலங்கு இறங்கும், எந்த மரம் பூத்தால் மழை நெருங்கும் என்பவற்றையெல்லாம் யார் எழுதுவது?

அன்பர்களே, விடுமுறையில் நம் இளைஞர் குழுக்கள் வண்டி பிடித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆகாய கங்கைக்குப் போகின்றன. படம் எடுத்துத் திரும்புகின்றன. அடுத்த முறை ஒரு குறிப்பேடும் உடன் செல்லட்டும். நாள், இடம், கண்ட பறவை, கண்ட எண்ணிக்கை ஆகியவற்றை எழுதட்டும். மலையூர்ப் பெரியவர் சொன்னதை, அவருடைய இசைவு பெற்று, அவர் சொன்ன சொல்லாலேயே எழுதட்டும். எழுதியதன் நகல் ஒன்றை அந்த ஊர்ப் பள்ளியிலும் வைக்கட்டும். எடப்புளி நாட்டுப் பிள்ளைகளே தங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதுவார்களாயின், அது இன்னும் சிறப்பு.

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எதிர்காலத்தில் மலையின் நலத்துக்குச் சாட்சி தேடுவோர்க்கு, அதில் உள்ள ஒரு வரி கைகொடுக்கக்கூடும்.