இரண்டு சட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலரும் முன்பே பெங்களூரின் வடக்குச் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டுகின்றன. பலருடைய தோளில் கேமரா. இலக்கு, சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள நந்தி மலை. 1,478 மீட்டர் உயரத்தில் நின்று, காலுக்குக் கீழே மிதக்கும் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு காலைச் சிற்றுண்டிக்கு நகரம் திரும்பிவிடலாம். அடிவாரத்துக் கிராமங்கள் அநேகமாகப் படத்தில் விழுவதில்லை.

நிலக்காட்சிப் புகைப்படக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து தேடிப் போகும் இன்னொரு இடத்தில் விஷயமே வேறு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், சுமார் 4,200 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டீட்டன் சிகரத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் ஒரு பழைய மரக் கொட்டகை அது. தாமஸ் ஆல்மா மோல்டன் என்ற விவசாயி கால்நடைக்கும் வைக்கோலுக்குமாக 1912இல் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. விடியலில் முதலில் சிகரம் சிவக்கும். பிறகு வெயில் இறங்கி வந்து பலகைகளைத் தொடும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அத்தனை கூட்டமும்.

படத்தில் தெரியாத கதை ஒன்றுண்டு. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தம் என்ற 1862ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பி வந்தவர்கள் அந்த உழவர்கள். 1929இல் மலைத்தொடர் தேசியப் பூங்காவானது. 1950இல் பள்ளத்தாக்கும் அதில் சேர்ந்தது. உழவர்கள் நிலத்தை விற்றுவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மலைதான் பொக்கிஷம், கொட்டகையை யாரும் கண்டுகொள்ளவில்லை. மோல்டனின் வீடு இன்று இல்லை. 1997இல்தான் அந்தக் குடியிருப்பு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

நந்தியில் நிலைமை தலைகீழ். அடிவாரத்தில், 9ஆம் நூற்றாண்டில் வேர்கொண்ட போக நந்தீசுவரர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி சுற்றிலும் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அத்தோடு அந்தச் சட்டத்தின் பார்வை முடிந்துவிடுகிறது. தொலைவில் தெரியும் குன்றுகள் அதன் கணக்கில் வருவதில்லை. இதே சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில்தான் குவாரிகள் குன்றுகளை ஜல்லியாக்குகின்றன. 2021 பிப்ரவரியில் ஹிரேநாகவல்லி அருகே ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள்.

கோயிலுக்காவது அந்த 300 மீட்டர் உண்டு. கல் சுவரும் நாட்டு ஓடும் மாட்டுத் தொழுவமுமாக நிற்கும் உழவர் வீடுகளுக்கு அதுவும் கிடையாது. பழைய மைசூர்ப் பகுதியில் ராகியைச் சேமித்தது 'ஹகேவு' என்ற நிலத்தடிக் குழியில். இந்த ஊர்க் களஞ்சியம் மண்ணுக்குள் இருந்ததால் கேமராவுக்குத் தெரியவேயில்லை. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்த பிறகு, வீட்டைவிட அது நிற்கும் மனைக்குத்தான் மதிப்பு.

நல்ல நிலக்காட்சிப் படம் மலையையும் மனிதன் கட்டியதையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கிறது. அரசாங்கத்தின் சட்டமோ, அங்கேயும் சரி இங்கேயும் சரி, ஒன்றைக் காத்து மற்றதை விட்டுவிடுகிறது. அதனால்தான் கேமராக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. மேகம் அடுத்த ஞாயிறும் வரும். அடிவாரத்து ஓட்டு வீடு அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஊருக்குள் நடந்தால், இட்லி ஒன்றும் ஆறிவிடாது.