ஆராய்ச்சிப் பண்ணையின் கதவு யாருக்கு?

தஞ்சை மாவட்டம் ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்து வருகிறது. நூறாண்டைக் கடந்துவிட்ட அந்தப் பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள், கதிர் அறுத்தவர்கள் எத்தனை தலைமுறை! அங்கே கண்டறிந்தது என்ன என்று கேட்டறிய அவர்களில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார்கள்?

‘கண்டுணர் சுற்றுலா’ என்ற பெயரில் விவசாயிகளை ஆராய்ச்சி நிலையங்களுக்கு அழைத்துச் செல்லும் திட்டம் சர்க்காரிடம் இருக்கிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவர் பெரும்பாலும் நிலமுடையவரே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம்; விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். இரண்டு மடங்குக்கும் அதிகமான இந்த மக்களுக்கு அந்த பஸ்ஸில் இடம் எங்கே?

பூச்சிமருந்துத் தெளிப்பானை முதுகில் சுமப்பது யார்? மருந்துக் கடை பில்லைக் கொடுப்பவர் ஒருவர். அந்த விஷத்தைச் சுவாசிப்பவர் இன்னொருவர். 2017-ல் மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக் காட்டில் மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பஞ்சாலைத் தோழர்களே, தறிக்கும் கதிருக்கும் வரும் பஞ்சு இப்படிப்பட்ட காடுகளிலிருந்துதான் வருகிறது.

இந்த விஷம் இல்லாமல் பயிர் விளையாதா? விளையும் என்கிறது விஞ்ஞானம். நெற்பயிரைச் சாய்க்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். அதைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் வயலிலேயே இருக்கின்றன. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் காவலாளிகள்தான்; பிறகு புகையான் முன்னைவிடப் பெருகுகிறது. எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுவது, வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டு நன்மை செய்யும் பூச்சிகளை வளர்ப்பது, தக்கைப்பூண்டை மடக்கி உழுவது, தண்டுத்துளைப்பானுக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டுவது ஆகிய யாவும் சோதித்தறிந்த முறைகள். 1986-ல் இந்தோனேசியாவில், உழைப்பாளி மக்களுக்கு ஒருநாளும் நண்பனாக இல்லாத சுகார்த்தோ ஆட்சியே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய நேர்ந்தது. அதனால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

பலவகை விதைகளைக் காப்பதும் வெறும் பழைமைப் பற்று அல்ல. நெல்லைக் குட்டையாக்கிக் கதிரில்லாமல் செய்யும் வைரஸ் நோய் ஆசியாவை உலுக்கியபோது, ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்தார்கள். எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லில்! 1976-ல் வெளிவந்த ஐ.ஆர்.36 ரகத்தில் சேர்ந்தது அந்தச் சக்திதான். கேட்பாரற்றுக் கிடந்த புல் கோடிக்கணக்கானோரின் சோற்றைக் காத்தது.

இதில் கூலிப் பிரச்னையும் உண்டு. களைக்கொல்லி வந்த இடத்தில் பெண்களின் களையெடுப்பு நாட்கள் குறைந்தன. பட்டம் விடவும் வரப்புப் பயிர் போடவும் பசுந்தாள் உரம் சேர்க்கவும் கைகள் வேண்டும். “கூலிச் செலவு கூடுமே” என்பார் மிராசுதார். மருந்துக் கடைக்குப் போகும் பணம் கூலியாகத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறோம். சிறு விவசாயிக்கோ, கடைக்காரரிடம் படும் கடன் குறையும்.

நம் சங்கங்களும் இதை நிலமுடையவர் விஷயம் என்று ஒதுக்கி வந்திருக்கின்றன. இது தவறு. நாற்றின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் நடவுப் பெண்ணுக்கு ஆராய்ச்சியாளரிடம் கேட்கவும் உண்டு, சொல்லவும் உண்டு.

ஆகவே கோருகிறோம்: கண்டுணர் சுற்றுலாவில் பாதி இடம் விவசாயத் தொழிலாளருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. போகும் நாளுக்கு முழுக் கூலி. முகமூடி, கையுறை தராமல் எவரையும் மருந்தடிக்க ஏவக்கூடாது. ஒவ்வொரு கிளையும் பெயர்ப் பட்டியல் தயாரித்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் மனுக் கொடுக்கட்டும்.

மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்தது அந்தப் பண்ணை. அதன் கதவு உழைப்பவனுக்கும் திறக்கட்டும்!