அசல் எது?

கொழும்பின் புறநகரில் 'கன்ரனீஸ்' என்று பலகை மாட்டிய உணவகம் ஒன்றில் அமர்ந்தால், பக்கத்து மேசையில் தவறாமல் ஒரு முறைப்பாடு கேட்கும்: "இது அசல் சீனச் சாப்பாடே அல்ல." உண்மைதான். கன்ரன் சமையலுக்கு மென்சுவையே அழகு. நமது தட்டிலோ மிளகாய் கொடிகட்டுகிறது. அதனாலென்ன? ஹொட் பட்டர் கட்டில்பிஷ் நம்மூர்ப் பதார்த்தம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு. 1952 இல் கைச்சாத்தான இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தால் சீனத்து அரிசி இத்தீவின் உலைகளுக்கு வந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கவுக்கும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கவுக்கும் வரலாறு புகழ்மாலை சூட்டியது. ஆனால் அந்த அரிசிக்கு விலையாகப் போன இறப்பருக்குப் பால்வெட்டியவர் யார்? ஓப்பநாயக்க தொடக்கம் கேகாலை வரை, சப்ரகமுவத் தோட்டங்களில் விடியுமுன்பே மரத்தடிக்குப் போனவர்களுள் நம் மலையகத் தமிழரும் இருந்தனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையை ஏற்கெனவே பறித்திருந்தது. ஊருக்குச் சோறு தேடித் தந்தவர்கள் நாடற்றவர்கள்! எஞ்சியோருக்கு வழி திறக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அசலைத் தேடும் அன்பர்களே, தட்டில் தேடாதீர்கள். சீனாவோடு நமக்குள்ள அசல் உறவு பால்வெட்டியவரின் கையில் இருந்தது. அந்தக் கையை நினையாது சோற்றின் சுவையை மட்டும் அளப்பது ரசனை அன்று. நன்றி கொன்ற செயல்.