"சார் மூடு எப்படி?"

மேலதிகாரிகளுக்குப் பயிற்சி என்றால் இப்போது ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ விடுதி எடுக்கிறார்கள். காலையில் தியானம், மதியம் ஆளுமைத் தேர்வு, மாலையில் தன்னைப் பற்றித் தானே டைரி எழுதுதல். தலைமையில் இருப்பவர் கண்ணை மூடித் தனக்குள் பார்த்தால் தன்னை அறிந்துகொள்வார், அப்படி அறிந்தவரின் நிறுவனம் தானாகச் செழிக்கும் என்பது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. இது தவறு, உயிரைக் குடிக்கக்கூடிய தவறு.

எம்.டி. அறைக்குள் நுழையுமுன் ஊழியர்கள் பி.ஏ.விடம் கேட்பார்கள்: "சார் மூடு எப்படி?" எந்தக் கணக்கைக் காட்டினால் அவர் குரல் உயரும், யார் சொன்னால் கேட்பார், எந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்பதெல்லாம் டிரைவருக்குத் தெரியும், டீ கொண்டுவருபவருக்கும் தெரியும். அவரைப் பற்றிய அறிவு அந்தக் கட்டடம் முழுக்க இருக்கிறது. சம்பள உயர்வும் இடமாறுதலும் அவர் கையெழுத்தில் இருப்பதால் அவர் காதுக்கு மட்டும் அது வருவதில்லை. அதை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு மலையேறிப் போய் எதைத் தேடுகிறார்?

சந்தேகம் மேலே போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இங்கே திருப்பிவிடப்பட்ட விமானங்கள் நெருக்கியடித்து நின்றன. அவற்றில் ஒன்றான கே.எல்.எம். போயிங் 747இன் கேப்டன் ஃபான் சான்டன், அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சித் தலைவர். அதன் விளம்பரத்தில் முகம் வந்தவர். பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானிக்கு 747 தகுதித் தேர்வு நடத்தியவரும் அவரே. அனுமதி வருமுன் அவர் கிளம்ப முனைந்தபோது துணை விமானி தடுத்தார், கேப்டன் நிறுத்தினார். பறக்கவேண்டிய வழித்தடத்துக்கான ஒப்புதல் மட்டும் வந்ததும் மறுபடி கிளம்பினார். இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் நிறுவன விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னாலிருந்து விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

கேப்டனின் அகந்தை என்று இதை முடித்துவிடுவது எளிது. அவர் தன்னை எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தாலும் பனிக்குள் இருந்த விமானம் அவர் கண்ணில் பட்டிருக்காது. தேவைப்பட்ட சந்தேகம் பின்னிருக்கையில் எழுந்தது. பெரியவர் ஒருமுறை மறுத்ததும் அங்கேயே அடங்கியது.

டெனெரிஃபும் வேறு சில விபத்துகளும் விமானத் துறையை உலுக்கின. 1979இல் இதுபற்றி நாசா பயிலரங்கு கூட்டியது; 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்குப் புதிய பயிற்சியைத் தொடங்கியது. கவனிக்கவேண்டியது இதற்குப் பின் நடந்ததை. அந்தப் பயிற்சியின் முதல் வடிவமும் தனிமனிதக் குணத்தைத் திருத்தவே முயன்றது. விமானிகள் பலர் அதை வெறுத்தார்கள். பிறகுதான் அது குழுவின் பக்கம் திரும்பியது. இளையவர் எப்படிக் கேள்வி எழுப்பவேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் எப்படி விடாமல் நிற்கவேண்டும், கேப்டன் அதை எப்படி வாங்கிக்கொள்ளவேண்டும் என்று இரு தரப்பையும் சேர்த்துப் பழக்கினார்கள்.

நம் நிறுவனங்களோ இன்னும் அந்த முதல் வடிவத்திலேயே நிற்கின்றன. பதினாறு வகை ஆளுமைகளைச் சொல்லும் மையர்ஸ்–பிரிக்ஸ் தேர்வில் கேள்விகளுக்கு விடையளிப்பவர் அந்த அதிகாரியேதான். தன்னைப் பற்றி அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணம் அழகான பெயருடன் திரும்பி வருகிறது, அவ்வளவே. கீழே இருப்பவர்களிடம் பெயரில்லாமல் கருத்துக் கேட்கிறோமே என்பார்கள். ஐந்து பேர் உள்ள குழுவில் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எத்தனை நேரமாகும்? அதனால் எல்லாரும் பாதுகாப்பாக, இனிப்பாக எழுதுகிறார்கள்.

தியானம் மனதுக்கு நல்லது, செய்பவர் செய்யட்டும். அதைத் தலைமைத் தகுதியாகக் கணக்கில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். "நான் என்மேல் நிறைய வேலை செய்திருக்கிறேன்" என்று நம்பும் அதிகாரியிடம் குறை சொல்வது முன்பைவிடக் கடினம். சொன்னவருக்குத்தான் பக்குவம் போதாது என்று தீர்ப்பாகிவிடும்.

தலைவர்களின் வளர்ச்சியை அளக்க விரும்பும் இயக்குநர் குழுக்கள் பயிற்சிச் சான்றிதழைக் கேட்கவேண்டாம். கடந்த ஆண்டு உங்கள் முடிவை முகத்துக்கு நேரே எதிர்த்தவர்கள் யார், அதனால் நீங்கள் மாற்றிக்கொண்டது எது, அவர்கள் இன்று எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். பதிலை அந்தத் தலைவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், எதிர்த்தவர்களையும் தனியே அழைத்துக் கேட்கட்டும்.