தார் வீதியில் வெடிக்கும் நெல்

பெரும்போக அறுவடைக் காலத்தில், குருநாகலிலிருந்து கலேவெல ஊடாகத் தம்புள்ளை செல்லும் வீதியோரங்களில் நெல் பரப்பப்பட்டிருப்பதைக் காணலாம். அந்நெல்லைக் குற்றியபின் குறுணல் மிகுந்துவிட்டதென ஆலைக்காரரை நோவோர் பலர். குறை பெரும்பாலும் வீதியிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

தச்சர் புதிதாய் அரிந்த பலாப் பலகையை நண்பகல் வெயிலில் இடுவதில்லை. மேற்புறம் விரைவில் உலர்ந்து சுருங்கும். ஈரமான உட்புறம் சுருங்காது. எனவே மேற்புறம் பிளக்கும். மேலும், மரத்தினுள் ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்தை நாடும் இயல்புடையது. வெயிலிற் சுடும் முகம் ஈரத்தில் ஒரு பங்கை உள்ளே தள்ளுகிறது. மாலையில் முகம் குளிர, உள்ளே வெம்மை எஞ்சி நிற்கும்போது, அவ்வீரம் வெளிநோக்கி எளிதில் நகரும்.

நெல்மணி சிறிது. வெப்பம் ஓரிரு நிமிடங்களில் அதன் நடுவை எட்டிவிடும். ஆனால் நடுவிலுள்ள நீர் வெளிவரப் பல மணி நேரம் வேண்டும். நண்பகலில் தார்மேல் நெல்லின் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அப்போது மணியின் புறம் இறுக, அகம் ஈரமாயிருந்து, இழுவிசையால் வெடிப்பு உண்டாகிறது. அது அன்றே தெரிவதுமில்லை. அள்ளிக் கட்டியபின் தோன்றுவதே மிகுதி. உலர்ந்த நெல் இரவில் பனியில் நனைந்தாலும் வெடிக்கும். அவித்துக் குற்றும் நெல்லில் வெடிப்புகள் பெரும்பாலும் பொருந்திவிடும். பச்சையரிசிக்கே நட்டம் அதிகம்.

ஆகவே நெல்லைப் படங்கின்மேல் 2 முதல் 4 சென்ரிமீற்றர் கனத்திற் பரப்பி, அரைமணிக்கொருமுறை கிளறுங்கள். உச்சி வெயிலில் குவித்து மூடிவையுங்கள். அந்நேரத்தில் உள்ளீரம் புறத்தே பரவிச் சமனாகும். மாலையிலும் மூட மறவாதீர்கள். விதைநெல் 43 பாகைக்கு மேற் சூடேறினால் முளைதிறன் குன்றும். அதனைத் தார் வீதியில் இடவே கூடாது.

இவற்றை எழுதுவது எளிது. முன்னர் கதிரை அறுத்துச் சூடு வைத்து, ஆறியபின் மிதித்தார்கள். இன்று இயந்திரம் 20 வீதத்துக்கும் மேற்பட்ட ஈரத்துடன் நெல்லை ஒரே நாளிற் கொட்டிச் செல்கிறது. வாங்குவோர் கேட்பதோ 14 வீதம். வானம் இருண்டால் கமக்காரர் வீதியைத்தான் நாடுவர். அவரைக் கடிந்து பயனில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் பேசப்படுகின்றன. நெல் உலர்த்தும் இடம் பேசப்படுவது அரிது. புதிய இயந்திரத்துக்கு முன்னர், ஊருக்கொரு பொதுக் களமும் போதிய படங்குகளும் வேண்டும். அடுத்த போகத்துக்கான கூட்டத்தில் உங்கள் கமக்காரர் அமைப்பு இதனை எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.